45 வயதில் முடி கொட்டுவது ஏன்? தண்ணீரா, ஹார்மோனா? எண்ணெய் வாங்கும் முன் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் வளர வளர, கூடவே ஒரு புகாரும் வளர்ந்திருக்கிறது. "இந்த ஏரியா போர் தண்ணி பட்டதுல இருந்துதான் முடி கொத்துக் கொத்தா கொட்டுது." ஷவருக்கு ஃபில்டர் வாங்கி மாட்டியவர்கள் உண்டு. தலைக்கு ஊற்ற மட்டும் தனியாகக் கேன் தண்ணீர் வாங்குபவர்களும் உண்டு.

இதைச் சொல்பவர்களில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் 20 வயது மாணவியும் இருப்பார், 47 வயது அம்மாவும் இருப்பார். இரண்டு பேரும் குளிப்பது அதே உப்புத் தண்ணீரில்தான். ஆனால் முடி கொட்டும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முக்கியமாக, 45 வயதை ஒட்டியவர்கள் தண்ணீரைத் திட்டிக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டால், சுலபமாகச் சரிசெய்யக்கூடிய வேறு ஒன்று கண்ணில் படாமலே போய்விடும். அது என்னவென்று பார்ப்பதற்கு முன், முதலில் தண்ணீர் விஷயத்தை முடித்துவிடலாம்.

உப்புத் தண்ணீர் முடியைக் கொட்ட வைக்குமா?

இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் 15 பெண்களிடம் முடி வாங்கி, ஒவ்வொரு முடியையும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கடின நீரிலும் இன்னொரு பாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 நிமிடம் என 30 நாட்கள் ஊறவைத்தார்கள். பிறகு இழுத்துப் பார்த்தால், முடியின் வலிமையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2013-ல் வெளியான ஆய்வு இது. 2018-ல் பாகிஸ்தானில் ஆண்களின் முடியை வைத்துச் செய்த ஆய்வு, கடின நீர் பட்டால் வலிமை குறைகிறது என்றது. ஆக, முடித் தண்டு வறண்டு, சிக்கு விழுந்து, நடுவில் ஒடியலாம். அதற்கு மேல் இந்தத் தண்ணீர் தலைத்தோலுக்குள் இருக்கும் வேர் வரை போய் அதைச் சுருக்கிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

வீட்டிலேயே ஒரு எளிய சோதனை செய்யலாம். கொட்டிய முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு விழுந்த முடி. குமிழே இல்லாமல் துண்டு துண்டாகக் கிடந்தால் ஒடிந்த முடி. ஒடிந்தது என்றால் தண்ணீர், ஸ்ட்ரெய்ட்டனிங், ஈரத் தலையில் சீப்பு போடுவது போன்றவற்றின் மேல் சந்தேகப்படலாம். வேரோடு விழுகிறது என்றால் காரணத்தை உடம்புக்குள்ளே தேட வேண்டும்.

மெனோபாஸ் எப்போது ஆரம்பிக்கிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மருத்துவக் கணக்கில் அது மெனோபாஸ். மேற்கத்திய நாடுகளில் சராசரியாக 51 வயதில் வருகிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது.

ஆனால் ஹார்மோன் ஆட்டம் அன்றைக்குத் தொடங்குவதில்லை. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். இந்த இடைக்காலத்துக்கு பெரிமெனோபாஸ் என்று பெயர். அதாவது, 42, 43 வயதிலேயே இது நடந்துகொண்டிருக்கலாம். ஒரு மாதம் 20 நாளிலேயே வரும், அடுத்தது ரெண்டு மாசம் கழித்து வரும். திடீரென்று முகமெல்லாம் திகுதிகுவென எரியும், நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டும், தூக்கம் கெடும். இதெல்லாம் நடக்கும் அதே வருடங்களில்தான் பின்னல் மெலிகிறது, ஜடை ரப்பர் பேண்டை முன்பைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது.

ஹார்மோனுக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்?

தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு சுழற்சியில் ஓடுகிறது. 2 முதல் 6 வருடம் வளரும், ரெண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், பிறகு சுமார் 3 மாதம் ஓய்வில் இருந்துவிட்டு விழும். அதே குழியிலிருந்து புது முடி முளைக்கும். எந்த நேரத்திலும் 10-ல் 9 முடி வளர்ச்சியில் இருக்கும், ஒன்று ஓய்வில் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம்.

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், இந்த வளர்ச்சிக் காலத்தை நீட்டித்துத் தருகிறது. இதை அனுபவத்தில் பார்த்திருப்பீர்கள். மாசமாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும், முடி அடர்த்தியாக நிற்கும். குழந்தை பிறந்து 3 மாதத்தில் "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சதும் அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று பாட்டிமார் சொல்வார்கள் இல்லையா? குழந்தை சிரிப்பதற்கும் முடிக்கும் தொடர்பில்லை. பிரசவத்தில் ஹார்மோன் சட்டென்று இறங்கி, ஓய்வுக்குப் போன முடிகள் எல்லாம் 3 மாதம் கழித்து ஒன்றாக விழுகின்றன. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

பிரசவத்தில் இறங்கிய ஈஸ்ட்ரோஜன் மறுபடி ஏறிவிடும். மெனோபாஸில் இறங்குவது ஏறாது. அதோடு இன்னொரு விஷயமும் சேர்கிறது. பெண் உடம்பிலும் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்கள் கொஞ்சம் சுரக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் அளவுக்கு இவை வேகமாகக் குறைவதில்லை. அதனால், அளவு கூடாமலேயே அவற்றின் கை ஓங்கிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் முடி வேரில் டி.எச்.டி. என்ற வீரியமான வடிவத்துக்கு மாறுகிறது. பரம்பரையாக இதற்கு எளிதில் மசியும் வேர்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். முன்பு 4 வருடம் வளர்ந்த முடி ஒரு வருடத்திலேயே விழும். கயிறு மாதிரி இருந்தது நூல் மாதிரி ஆகும்.

விசித்திரம் என்னவென்றால், தலையில் முடியைச் சுருக்கும் இதே ஹார்மோன் தாடையிலும் மேலுதட்டிலும் முடியைத் தடிமனாக்கும். "இருக்க வேண்டிய இடத்துல இல்ல, இல்லாத இடத்துல முளைக்குது" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது ஒரே காரணம்தான்.

கொட்டுவது வேறு, மெலிவது வேறு

மேலே சொன்ன ஹார்மோன் மெலிவு மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கும். தரையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்காது. நடு வகிடு அகலமாகும், உச்சியில் தலைத்தோல் தெரியும், ஆனால் நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஜெர்மானியத் தோல் மருத்துவர் எரிச் லுட்விக் 1977-ல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். இன்றைக்கும் மருத்துவர்கள் உங்கள் வகிட்டைப் பார்த்து மனதுக்குள் போடும் கணக்கு அதுதான். ஆண்களைப் போல முழு வழுக்கை பெண்களுக்கு வருவது மிக அரிது.

மாறாக, இரண்டு மூன்று வாரத்துக்குள் சீப்பு, தலையணை, குளியலறை ஜல்லடை எல்லாம் முடியாகக் கிடந்தால் அது வேறு கதை. இரண்டு மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு ஏதோ ஒரு அடி விழுந்திருக்கும். மழைக்காலத்தில் வந்த டெங்கு, டைபாய்டு, ஒரு ஆபரேஷன், வீட்டில் ஒரு சாவு, பட்டினி கிடந்து எடை குறைத்தது, இப்படி. காரணம் விலகிவிட்டால் ஆறேழு மாதத்தில் தானாக முளைத்துவிடும். காய்ச்சல் போன 3 மாதம் கழித்து ஆரம்பிப்பதால்தான் யாருக்கும் காய்ச்சல் ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் மாற்றிய ஷாம்பூ மேலும் தண்ணீர் மேலும் பழி விழுகிறது.

45 வயதில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். குழப்பமே அங்கேதான்.

ஹார்மோன் மேல் மட்டும் பழி போட்டுவிடக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) தரும் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். பெரிமெனோபாஸ் காலத்தில் பலருக்கும் ரத்தப்போக்கு குறைவதில்லை. கருமுட்டை வெளிவராத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போய், பிறகு ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கும். ஏழு நாள், பத்து நாள் என நீளும். ஃபைப்ராய்டு கட்டி இருந்தால் இன்னும் அதிகம். "நிக்கப் போற நேரம், அப்படித்தான் போகும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவார்கள். நாமும் நாப்கினை மட்டும் பெரிய சைஸாக மாற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

உடம்பில் இரும்புச்சத்து குறையும்போது அது முதலில் உயிர்காக்கும் உறுப்புகளுக்குப் போகும். முடி கடைசி வரிசையில் நிற்கும். அதனால், படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு முன்பே முடி கொட்டத் தொடங்கலாம். வாசலிலேயே எச்சரிக்கை மணி அடிக்கிறது. நாம் மணி அடிப்பதை நிறுத்த எண்ணெய் தேடுகிறோம்.

இங்கே ஒரு நுணுக்கம். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் "நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். ஆனால் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறு பரிசோதனை. கையில் இருக்கும் பணம் ஹீமோகுளோபின் என்றால், பேங்க் பேலன்ஸ் ஃபெரிட்டின். கையில் காசு இருக்கும்போதே பேங்கில் ஒன்றுமில்லாமல் போகலாம். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நாட்களில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், உடம்பு தேறிய பிறகு எடுப்பது நல்லது.

அடுத்தது தைராய்டு. எடை கூடுவது, சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்வு, மாதவிடாய் தாறுமாறாவது என்று தைராய்டு குறைபாட்டின் அறிகுறிகள் அப்படியே மெனோபாஸ் போலவே இருக்கும். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும். சுத்த சைவம் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும், வெயிலே படாமல் வேலை பார்ப்பவர்கள் வைட்டமின் டி அளவையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்த நான்கைந்து பரிசோதனைகளுக்கும் ஆகும் செலவு, விளம்பரத்தில் வரும் "முடி வளர்ச்சிக் காம்போ" வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதாக இருக்காது. வாங்குவதற்கு முன் ஒருமுறை இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

அப்படியென்றால் லேபில் ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். முடிக்காக விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகளில் அளவு மிக அதிகம். அது ரத்தத்தில் இருக்கும்போது தைராய்டு பரிசோதனை தப்பான எண்களைக் காட்டலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையில், அடைப்பு இருந்தும் இல்லை என்று காட்டலாம். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017-லேயே இதை எச்சரித்தது. பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். குறைந்தது 2 நாள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. இவ்வளவுக்கும், பயோட்டின் குறைபாடே இல்லாதவருக்கு அதைக் கொடுத்தால் முடி வளரும் என்பதற்கு உருப்படியான ஆதாரமும் இல்லை.

இரும்பு மாத்திரை தொடங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரும்புக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையின் நிறம்தான். முருங்கைக்கீரை நல்லதுதான், மேலே எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. ஆனால் பாதாளத்துக்குப் போன ஃபெரிட்டினைக் கீரை மட்டும் தூக்கி நிறுத்தாது.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு?

கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், 38 வயதானாலும் அன்றைக்கே மெனோபாஸ்தான். பல வருடத்தில் இறங்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் சில நாட்களில் இறங்கும். முடி, எலும்பு, இதயம் எல்லாவற்றுக்கும் அது அடி. சினைப்பையை விட்டுவைத்திருந்தால் ஹார்மோன் தொடரும். ஆனால் மாதவிடாய்தான் இல்லையே, எப்போது நின்றது என்று உங்களுக்கே தெரியாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேருக்கு "ஆபரேஷன் பண்ணிட்டாங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லப்பட்டிருப்பதில்லை.

சிகிச்சை என்ன இருக்கிறது?

ரத்தசோகையோ தைராய்டோ இருந்தால் அதைச் சரிசெய்வதே முதல் சிகிச்சை. ஹார்மோன் மெலிவுக்கு அதிக ஆதாரம் உள்ளது மினாக்சிடில். இது முடி மருந்தாகப் பிறந்ததில்லை. 1979-ல் அமெரிக்காவில் ரத்த அழுத்த மாத்திரையாக அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைக்க ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். பெண்களுக்கான 2 சதவீத திரவத்துக்கு 1991-ல் அங்கே அனுமதி கிடைத்தது.

தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருந்த முடிகளைத் தள்ளிவிட்டுப் புதியவை கிளம்புவதால் வருவது இது. பலர் பயந்துபோய் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். நெற்றியில் வழிந்தால் அங்கேயும் முடி வளரும். இதய நோய், குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்கும் இது கூடாது. மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்கவில்லை என்றால் அந்த வாய்ப்பு இருக்கிறது. கணவருக்கு எழுதிக் கொடுத்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையை எடுத்துப் போடுவது அதைவிட ஆபத்து, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் பிறப்புக் குறைபாடு வரலாம்.

ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை முடிக்காக மட்டும் தரப்படுவதில்லை. உடம்பு எரிச்சல், தூக்கமின்மை தாங்க முடியாதவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல் போன்ற வரலாறு பார்த்து மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார்.

தேங்காய் எண்ணெய்? வைக்கலாம். முடித் தண்டிலிருந்து புரதம் கழுவிப் போவதை அது குறைக்கிறது என்று 2003-ல் ஆய்வு வந்திருக்கிறது. செய்தவர்கள் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஒடிவது குறையும், சுருங்கிய வேர் திரும்பாது. சின்ன வெங்காயம், செம்பருத்தி, கரிசலாங்கண்ணி பற்றி வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இதே அளவு எதிர்பார்ப்பு போதும். "30 நாளில் புது முடி" விளம்பரங்கள் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் வழுக்கையும் புதிய முடி வளர்ப்பதும் இருக்கின்றன. அவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்பதே சட்டம். போன் திரைக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

கூந்தல், குழல், ஓதி, அளகம், ஐம்பால் என்று பெண்ணின் முடிக்குத் தமிழ் எத்தனையோ பெயர் வைத்திருக்கிறது. அது மெலிந்தால் மட்டும் "எலிவால்" என்ற ஒரே கேலி. கல்யாண வீட்டு போட்டோவில் பின்வரிசைக்கு ஒதுங்கும் அத்தைகளுக்கு இது வெறும் அழகு விஷயம் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். சில மாதங்களுக்குள் முகத்தில் தாடிபோல முடி வளர்ந்து, குரலும் தடித்தால், ஆண் ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நெற்றிக் கோடு மட்டும் பின்னோக்கி நகர்ந்து, புருவமும் கொட்டி, அந்த இடத்துத் தோல் வழுவழுவென ஆகிறதா? மெனோபாஸ் ஆன பெண்களிடம் இந்த வகையை 1994-ல் முதலில் விவரித்தவர் சிட்னியைச் சேர்ந்த ஸ்டீவன் கொசார்ட். இதில் வேர் தழும்பாகிவிடும், போனது திரும்பாது. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு முடியைக் காப்பாற்றலாம். நெற்றியோரமும் காதோரமும் மட்டும் குறைந்தால், இறுக்கி இழுத்துப் போடும் கொண்டையையும் பின்னலையும் தளர்த்திப் பாருங்கள்.

காட்டாங்குளத்தூர் பகுதியில் எங்கே போகலாம்?

ஹீமோகுளோபின் பார்க்கப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 45 வயதைக் கடந்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம் இது. அவர்கள் வரும்போது ரத்தப்போக்கு பற்றியும் வாய் திறந்து சொல்லுங்கள். தோல், மகப்பேறு என இரண்டு பிரிவு மருத்துவரையும் ஒரே இடத்தில் பார்க்க அரசுத் தரப்பில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மின்சார ரயிலில் போய்விடலாம். காட்டாங்குளத்தூரிலேயே எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

போகும்போது கடைசி மாதவிடாய் தேதி, எத்தனை நாள் போனது, கடந்த 6 மாதத்தில் வந்த காய்ச்சல், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், இரண்டு மூன்று வருடத்துக்கு முன் எடுத்த, வகிடு தெரியும் ஒரு போட்டோ ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம், தலைத்தோலைப் பார்க்க மருத்துவருக்குச் சிரமம்.